ரத்தக் கொழுப்பு, உடல் எடை, எலும்பு: மூத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களை மறுபடி எழுந்து நடக்கவைக்கும் இயன்முறை சிகிச்சையே என் தொழில். அவர்களும் அவர்களுடன் வரும் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, பெரும்பாலும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த மருந்தைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்பதை உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேச்சில் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதற்கு இந்தப் பதில்கள் உதவும்.

மூட்டுத் தேய்மானம் என்கிறார்கள், எலும்புத் தேய்மானம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இரண்டும் வேறு நோய்கள். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சிதைவது மூட்டுத் தேய்மானம். அது வலிக்கும், வீங்கும், காலையில் எழுந்ததும் மூட்டு இறுகிக் கிடக்கும். எலும்பின் உட்பொருள் குறைந்து, அதன் நுண்ணிய பின்னல் மெலிந்து, நின்ற இடத்தில் தடுக்கி விழுந்தாலே முறியும் நிலைக்கு வருவதே எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்படும் எலும்புப்புரை. முறிவு ஏற்படும்வரை அது வலிப்பதில்லை. முதுகெலும்பு நசுங்கி, உயரம் குறைந்து, கூன் விழுந்த பிறகுதான் பலர் அதை அறிகிறார்கள்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. கூடுதல் எடை முழங்கால் மூட்டைக் கெடுக்கிறது. குறைந்த எடையோ எலும்பைக் கெடுக்கிறது. முழங்கால் வலிக்காகச் சொல்லப்பட்ட "எடையைக் குறையுங்கள்" என்ற அறிவுரையை எலும்புப்புரை உள்ள மெலிந்த ஒருவர் தனக்கும் உரியதென்று எடுத்துக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எலும்பு பலவீனமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரத்தப் பரிசோதனை போதாதா?

போதாது. ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருப்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது. ரத்தத்தின் அளவைச் சரியாக வைத்திருப்பதற்காக உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். எலும்பின் அடர்த்தியை அளப்பது டெக்ஸா எனப்படும் ஊடுகதிர்ப் பரிசோதனை. இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு அது தரும் எண்ணுக்கு டி-ஸ்கோர் என்று பெயர். மைனஸ் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை.

அடர்த்தி மட்டுமே முழுக் கதையையும் சொல்லிவிடுவதில்லை. 2008-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட 'ஃபிராக்ஸ்' என்னும் கணிப்பு முறை வயது, எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்ததா என்ற விவரம், புகை, மது, ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றைச் சேர்த்து, அடுத்த 10 ஆண்டுகளில் எலும்பு முறிவதற்கான வாய்ப்பைச் சொல்கிறது. அதில் எடையும் உயரமும் கேட்கப்படுகின்றன, கொலஸ்ட்ரால் கேட்கப்படுவதில்லை.

அப்படியானால் ரத்தக் கொழுப்புக்கும் எலும்புக்கும் சம்பந்தமே இல்லையா?

சம்பந்தம் இருக்கிறது, ஆனால் அது நேர்க்கோட்டில் செல்வதில்லை. எலும்பு மச்சையில் உள்ள ஒரே வகை மூல உயிரணுக்களிலிருந்துதான் எலும்பைக் கட்டும் செல்களும் கொழுப்புச் செல்களும் உருவாகின்றன. வயது ஏற ஏற அந்த மூல உயிரணுக்கள் கொழுப்புச் செல்லாக மாறும் பக்கம் கூடுதலாகச் சாய்வதால், மச்சையில் கொழுப்பு பெருகுகிறது, எலும்பைக் கட்டும் கைகள் குறைகின்றன. இந்த மச்சைக் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பைப் போல நடந்துகொள்வதில்லை. பட்டினியால் உடல் வற்றிய நோயாளிகளின் மச்சையில்கூட அது கூடுதலாகவே காணப்படுகிறது. மேலும், ஆக்சிஜனேற்றம் அடைந்த கெட்ட கொழுப்பு, அதாவது எல்.டி.எல், எலும்பு கட்டும் செல்கள் முதிர்ச்சி பெறுவதைத் தடுக்கிறது என்று ஆய்வகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

இன்னொரு தொடர்பு, இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் வழியாக வருகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எல்.டி.எல் உயர்கிறது, அதே ஆண்டுகளில்தான் எலும்பும் வேகமாகக் கரைகிறது. உடலுழைப்பின்மை, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் ரத்தக் குழாய்க்கும் எலும்புக்கும் ஒருசேரத் தீங்கு செய்கின்றன. ஆகவே இரண்டும் ஒருவரிடமே காணப்படும்போது, ஒன்றுதான் மற்றொன்றைக் கொண்டுவந்தது என்று உடனே முடிவு கட்டக் கூடாது.

எனக்கு மொத்தக் கொழுப்பு 250 இருக்கிறது. எலும்பும் போயிருக்குமா?

அந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு அளவுகளையும் எலும்பு அடர்த்தியையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன; வயது, எடை, மாதவிடாய் நின்ற நிலை ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்தால் பல ஆய்வுகளில் தொடர்பு மெலிந்துபோகிறது. 250 என்ற அளவை இதயத்துக்காகவும் மூளைக்காகவும் கவனிக்க வேண்டும். எலும்புக்கு இரண்டாம் கேள்வியில் சொன்ன வழிகளே உரியவை.

நல்ல கொழுப்பு அதிகமாக இருந்தால் எலும்புக்கும் நல்லதுதானே?

இங்கேதான் பலருக்கும் வியப்பு ஏற்படும். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் 70 வயதைக் கடந்த, உடல்நலமுள்ள 16,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல கொழுப்பான எச்.டி.எல் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட எலும்பு முறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது.

இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு. எச்.டி.எல்தான் முறிவை உண்டாக்கியது என்று அது நிறுவவில்லை. ஒல்லியானவர்களுக்கும் மது அருந்துபவர்களுக்கும் எச்.டி.எல் கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எச்.டி.எல்லைக் குறைக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "நல்ல கொழுப்பு 80 இருக்கிறது, எனக்கு ஒன்றும் வராது" என்று எலும்புப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கு மட்டும் அதைக் காரணமாக்காதீர்கள்.

கொழுப்பு மாத்திரை எலும்பை அரிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் எலும்பை அரிப்பதாகப் பெரிய மருத்துவச் சோதனைகள் காட்டவில்லை. சொல்லப்போனால், ஒரு காலத்தில் எதிர்மாறான நம்பிக்கையே இருந்தது: 1999-இல் எலிகளிடம் செய்த ஆய்வு, ஸ்டாட்டின் எலும்பு வளர்ச்சியைத் தூண்டுவதாகக் காட்டியது. எலும்புப்புரைக்குத் தரப்படும் அலெண்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளும் ஸ்டாட்டினும் செல்லுக்குள் ஒரே வேதிப் பாதையின் வெவ்வேறு படிகளைத்தான் தடுக்கின்றன என்பதால் அந்த நம்பிக்கை வலுப்பட்டது.

மனிதர்களிடம் அது நிறைவேறவில்லை. 17,802 பேருக்கு ரோசுவாஸ்டாட்டினையோ வெற்று மாத்திரையையோ கொடுத்துப் பார்த்த ஜூபிடர் சோதனையின் தரவுகளை அலசியபோது, ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை என்று தெரிந்தது. ஆகவே எலும்புக்காக ஸ்டாட்டினைத் தொடங்கவும் வேண்டாம், எலும்புக்குப் பயந்து அதை நிறுத்தவும் வேண்டாம். மாத்திரை தொடங்கிய பிறகு தசைவலி வந்து, அதனால் நடையே குறைந்துவிட்டதென்றால் அதை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மருந்தின் அளவையோ வகையையோ மாற்ற வழியிருக்கிறது.

கொலஸ்ட்ராலிலிருந்துதானே வைட்டமின் டி உண்டாகிறது? கொழுப்பைக் குறைத்தால் அதுவும் குறையுமே?

வெயில் பட்டதும் தோலில் வைட்டமின் டி-யாக மாறும் பொருள் கொலஸ்ட்ராலுக்கு முந்தைய படியில் இருப்பது என்பது உண்மைதான். ஆனால் நடைமுறையில் ஸ்டாட்டின் எடுப்பதால் வைட்டமின் டி பற்றாக்குறை ஏற்படுவதில்லை. நம் ஊரில் இத்தனை வெயில் இருந்தும் பற்றாக்குறை பரவலாக இருக்கிறதென்றால், வெயிலே படாமல் வீட்டுக்குள் இருப்பதும், வயதான தோலின் உற்பத்தித் திறன் குறைவதுமே பெரிய காரணங்கள். உடல் பருமன் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் வைட்டமின் டி அளவு குறைவாகவே காணப்படும். அது கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் பெரும்பகுதி கொழுப்புத் திசுவில் பரவித் தங்கிவிடுகிறது.

கவனிக்க வேண்டிய மருந்துகள் வேறு. கொழுப்பைக் குறைக்கத் தரப்படும் கொலெஸ்டைரமின் தூளும், எடையைக் குறைக்கத் தரப்படும் ஆர்லிஸ்டாட்டும் வைட்டமின் டி குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியவை. வாரம் ஒருமுறை எடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி மருந்தைத் தினமும் எடுத்துவிடுபவர்களும் உண்டு. அது ரத்தக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சீட்டில் எழுதிய இடைவெளியை இரண்டு முறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

குண்டாக இருப்பவர்களுக்கு எலும்பு உறுதியாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. எடையைத் தாங்கும் எலும்பு அதற்கேற்பத் தடிக்கிறது. மாதவிடாய் நின்ற பின் கொழுப்புத் திசுவே சிறிதளவு ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது. பக்கவாட்டில் விழும்போது இடுப்பைச் சுற்றியுள்ள சதை மெத்தைபோல அடியைத் தாங்குகிறது. ஏறத்தாழ 60,000 பேரின் தரவுகளைத் திரட்டி 2005-இல் வெளியான ஆய்வு, உடல் நிறை எண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் பி.எம்.ஐ) 25 உள்ளவர்களைவிட 20 உள்ளவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று காட்டியது. ஆனால் 25-இலிருந்து 30-க்குப் போனபோது கிடைத்த பாதுகாப்பு 17 சதவீதம் மட்டுமே. அதாவது மெலிவிலிருந்து அளவான எடைக்கு வருவதில் பெரும் பயன் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றும் எடையால் எலும்புக்குக் கிடைப்பது சொற்பம்.

மறுபாதி இது: 10 நாடுகளில் 55 வயதைக் கடந்த பெண்களைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், பருமனானவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே எலும்பு முறிவுகள் ஏற்பட்டன; கணுக்காலிலும் தொடையெலும்பிலும் கூடுதலாகவே ஏற்பட்டன. உள்வயிற்றில் சேரும் கொழுப்பு அழற்சிப் பொருள்களைச் சுரந்து எலும்புக்குக் கெடுதல் செய்கிறது. தசை மெலிந்து கொழுப்பு மட்டும் கூடியிருப்பவர் தடுமாறும்போது சமாளித்து நிற்க முடியாமல் விழுந்துவிடுகிறார். இந்தியர்களிடம், பார்க்க ஒல்லியாக இருந்தும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு மிகுதி என்பதால், எடை எண்ணோடு இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை.

நான் சின்ன வயதிலிருந்தே ஒல்லிதான். கொழுப்பும் சர்க்கரையும் இல்லை. எனக்கு என்ன கவலை?

உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ரத்தப் பரிசோதனைத் தாள் முழுவதும் இயல்பாக இருப்பதால், மெலிந்த மூத்த பெண்களின் எலும்பை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. முந்தைய பதிலில் சொன்ன இரண்டு மடங்கு ஆபத்து உங்களுக்குத்தான். 65 வயதைக் கடந்த பெண் என்றால், அல்லது வயது எதுவானாலும் சிறு விழுதலில் மணிக்கட்டோ வேறெதுவோ முறிந்திருந்தால், டெக்ஸா எடுக்கலாமா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்கு 68 வயது. எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். எடை குறைந்தால் எலும்பும் குறையுமா?

குறையும். உணவைக் குறைத்து உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை இழப்பவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி பொதுவாக 1 முதல் 2 சதவீதம் வரை குறைகிறது. ஆனால் எப்படிக் குறைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்த இழப்பு பெரிதும் மாறுகிறது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த, பருமனும் தளர்ச்சியும் உள்ள 160 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. உணவுக் கட்டுப்பாட்டோடு நடை போன்ற, மூச்சு வாங்கவைக்கும் பயிற்சியை மட்டும் செய்த குழுவினர் 6 மாதங்களில் இடுப்பெலும்பு அடர்த்தியில் 3 சதவீதம் இழந்தார்கள். பளு தூக்கும் பயிற்சி செய்த குழு இழந்தது அரை சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்த குழு இழந்தது 1 சதவீதம். எடைக் குறைவு மூன்று குழுக்களுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தசை இழப்பிலும் இதே வரிசைதான் பெரும்பாலும் தெரிந்தது: நடை மட்டும் செய்தவர்கள் 5 சதவீதமும், பளு தூக்கியவர்கள் 2 சதவீதமும், இரண்டும் செய்தவர்கள் 3 சதவீதமும் இழந்தார்கள்.

இந்த ஒரு செய்தியை என்னிடம் வரும் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று விரும்புகிறேன். கொழுப்பு, சர்க்கரை, முழங்கால் ஆகியவற்றுக்காக எடையைக் குறைப்பது பலருக்குத் தேவையானதே. அதை இரவு உணவை விட்டுவிட்டு, காலையில் கஞ்சித் தண்ணீர் குடித்து, வெறும் நடையால் மட்டும் சாதிக்க முயன்றால், கொழுப்போடு தசையையும் எலும்பையும் இழப்பீர்கள். சில மாதம் கழித்து எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பே திரும்புகிறது. மெதுவாகக் குறையுங்கள். சிறுநீரக நோய் இல்லாதவர்கள் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்ண வேண்டும். இட்லியும் ரசம் சாதமும் மட்டும் உண்டு அந்த அளவை எட்ட முடியாது. பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் ஏதாவது ஒவ்வொரு வேளையிலும் தட்டில் இருக்க வேண்டும்.

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதாதா?

இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லது, விட்டுவிடாதீர்கள். எலும்புக்கு மட்டும் அது போதாது. எலும்பு தனக்குப் பழகிய சுமைக்கு மேல் வரும் சுமைக்குத்தான் பதிலளிக்கிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, மாடிப்படி ஏறுவது, ரப்பர் பட்டையை இழுப்பது ஆகியவற்றில் தொடங்கி, பயிற்சியாளர் துணையோடு பளுவைப் படிப்படியாகக் கூட்டலாம். ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சி விழுவதையே குறைக்கிறது. அருகில் பிடிமானம் இருக்கட்டும்.

எலும்புப்புரை உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்புறம் ஆழமாகக் குனியும் ஆசனங்களை, குறிப்பாகப் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தாசனம் ஆகியவற்றை, தவிர்க்க வேண்டும். மெலிந்த முதுகெலும்பின் முன்பகுதி அந்த அழுத்தத்தில் நசுங்கக்கூடும்.

எனக்குச் சர்க்கரை, கொழுப்பு, எடை மூன்றும் உண்டு. ஆனால் டெக்ஸா நார்மல். நிம்மதியாக இருக்கலாமா?

முழு நிம்மதிக்கு இடமில்லை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்தி இயல்பாகவோ கூடுதலாகவோ இருந்தும், அதே அடர்த்தி உள்ள மற்றவர்களைவிட முறிவு அதிகம். பல ஆண்டு உயர்ந்திருந்த சர்க்கரை எலும்பின் புரத இழைகளின் தரத்தைக் கெடுத்துவிடுகிறது. டெக்ஸா அளப்பது கனிம அளவை, தரத்தை அல்ல. ஃபிராக்ஸ் கணிப்பும் இவர்களின் ஆபத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறது. பாத உணர்வு மங்குதல், பார்வைக் குறைவு, இரவில் சர்க்கரை தாழ்ந்துபோதல் ஆகியவை விழும் வாய்ப்பையும் கூட்டுகின்றன.

உங்கள் மருந்துச் சீட்டில் பியோகிளிட்டசோன் என்னும் சர்க்கரை மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் கேள்வியில் சொன்ன மச்சை மூல உயிரணுக்களை அது கொழுப்புச் செல்லாகும் பக்கம் தள்ளுகிறது; அதை எடுக்கும் பெண்களுக்கு முறிவு கூடுவது உறுதியாகியிருக்கிறது. எலும்புப்புரை இருக்கிறது என்று நீரிழிவு மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்று மருந்தைத் தேர்வார்.

கொழுப்பு என்று பாலை நிறுத்திவிட்டேன். கால்சியத்துக்கு என்ன செய்வது?

பாலை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. ஆடை நீக்கிய பாலில் கொழுப்புத்தான் போகிறது, கால்சியம் அப்படியே இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பரிந்துரை. 200 மில்லிலிட்டர் பாலில் 240 மில்லிகிராம் அளவுக்கும், 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கும் கிடைக்கும். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் நல்லவை. பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கால்சியம் மாத்திரை போட்டால் அது இதயக் குழாயில் படிந்து அடைத்துவிடுமாமே?

உணவிலிருந்து வரும் கால்சியத்தைப் பற்றி அப்படி அஞ்சத் தேவையில்லை. மாத்திரையைப் பொறுத்தவரை, மாரடைப்பு சற்றுக் கூடுவதாகச் சில அலசல்களும் கூடுவதில்லை என்று வேறு சில அலசல்களும் சொல்கின்றன. என் கருத்து எளியது: முதலில் உணவில் எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கிட்டு, குறையும் அளவுக்கு மட்டும் மாத்திரை எடுங்கள். எலும்பு கரைபவர்களுக்கே ரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படிவதைக் காண்கிறோம். புண்பட்ட குழாய்ச் சுவரில் நடக்கும் அந்த மாற்றத்துக்குப் புகை, ரத்த அழுத்தம், எல்.டி.எல் ஆகியவற்றையே முதலில் கவனிக்க வேண்டும்.

தைராய்டு மாத்திரையைக் கூட்டினால் எடையும் கொழுப்பும் இறங்கும் என்று நானே கூட்டிக்கொண்டேன். தவறா?

தவறு. தைராய்டு குறைந்தால் எல்.டி.எல்லும் எடையும் ஏறும் என்பது சரி. அதைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்ததும் கொழுப்பு இறங்குவதும் உண்மை. அளவு மீறினால் எலும்பு கட்டப்படுவதைவிட வேகமாகக் கரைகிறது, இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். தைராய்டு அளவைக் காட்டும் டி.எஸ்.எச் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவுக்குத் திரும்புங்கள்.

என் கணவருக்கு ஏழு மாதம் முன்பு மாரடைப்பு வந்தது. இப்போது எலும்புக்கும் மருந்து வேண்டும் என்கிறார்கள். இரண்டும் மோதாதா?

பெரும்பாலான எலும்பு மருந்துகள் இதய மருந்துகளோடும் ஸ்டாட்டினோடும் மோதுவதில்லை. சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்துவிட்டு அலெண்ட்ரோனேட்டோ சோலெட்ரோனிக் அமிலமோ தருவது வழக்கம். ஒரு மருந்தைப் பற்றி மட்டும் தெளிவான எச்சரிக்கை உண்டு: ரோமோசோசுமாப் என்னும் ஊசியை, கடந்த ஓராண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குத் தொடங்கக் கூடாது. ஆகவே எலும்பு மருத்துவரிடம் போகும்போது மாரடைப்பு வந்த தேதியைச் சொல்லி, இதயச் சிகிச்சைக் கோப்பையும் கையோடு கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு 79 வயது. மருந்தே இல்லாமல் கொழுப்பு 220-இலிருந்து 140-க்கு இறங்கிவிட்டது, எடையும் குறைந்திருக்கிறது. நல்ல செய்திதானே?

அவர் முயன்று குறைக்காத எடை என்றால், இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுமையில் கொலஸ்ட்ரால் தானாக இறங்குவது, போதிய உணவு உள்ளே போகவில்லை என்பதையோ, தைராய்டு மிகுதி, நாள்பட்ட தொற்று, புற்றுநோய், மனச்சோர்வு போன்ற ஏதோ ஒன்று உடலை உருக்குகிறது என்பதையோ காட்டலாம். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதம், அதாவது 50 கிலோ உள்ளவர் இரண்டரைக் கிலோ, காரணமின்றிக் குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பல் செட் பொருந்துகிறதா, விழுங்குவதில் சிரமம் உண்டா, தனியாக இருக்கும்போது சமைத்துச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். கொழுப்புக்குப் பயந்து முட்டை, பால், எண்ணெய் எல்லாவற்றையும் அவருக்கு நிறுத்தியிருந்தால் மருத்துவரைக் கேட்டுத் திரும்பக் கொடுங்கள். காரணம் தெரியும்வரை அவர் விழாமல் பார்த்துக்கொள்வது முதல் வேலை: குளியலறையில் கைப்பிடி, இரவில் எரியும் சிறு விளக்கு, வழுக்கும் மிதியடிகளை அகற்றுவது. டெக்ஸா பரிசோதனையையும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.